திருக்குறளின் எடை எவ்வளவு?

கையில் இருக்கும் புத்தகமென்றால் தராசில் வைத்துச் சொல்லிவிடலாம். இணையத்தில் ஏற்றப்போகும் புத்தகத்துக்கு எழுத்தை எண்ண வேண்டும். திருக்குறளில் 42,194 எழுத்துகள் என்று ஒரு கணக்கு வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இன்று உலகெங்கும் புழங்கும் யூனிகோடு முறையில் ‘அ’ என்றோ ‘க’ என்றோ எழுதினால் கணினி அதற்கு 3 பைட் ஒதுக்கும். ‘கி’, ‘கு’, ‘க்’ என்று கொக்கியோ புள்ளியோ ஏறினால் இன்னொரு 3 சேர்ந்து 6 பைட். கலந்து எடுத்து, எழுத்துக்கு 5 பைட் என்று பிடித்தால், முப்பாலும் ஏறத்தாழ 210 கேபியில் அடங்கிவிடும். செல்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப்போலப் பத்து மடங்கு இருக்கும்.

இதே குறளை ஒருவர் நிறுத்தி நிதானமாக வாசித்துப் பதிவு செய்கிறார். குறளுக்கு 8 வினாடி. 1,330 குறளுக்கும் மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும். 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பாக அது 170 எம்பி. இன்னொருவர், உரையோடு 300 பக்கத்தில் வந்த பழைய பதிப்பு ஒன்றை வண்ணத்தில் ஸ்கேன் செய்கிறார். பக்கத்துக்கு 1 எம்பி என்றால் 300 எம்பி. உள்ளே இருப்பது அதே வள்ளுவர்தான். ஆனால் ஆயிரம் பேர் இறக்கிக்கொண்டால், எழுத்துக் கோப்புக்கு மொத்தம் 0.21 ஜிபி செலவாகும். ஒலிக் கோப்புக்கு 170 ஜிபி. ஸ்கேனுக்கு 300 ஜிபி.

இணையதளத்தில் ஒரு கோப்பை வைத்து ‘விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்’ என்று அறிவிக்கும் எவரும் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தாக வேண்டும். பேண்ட்வித் கணக்கு என்று தொழிலில் சொல்வது இதைத்தான். அச்சுத் தொழிலில் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் தலைகீழாகத் தெரியும். அச்சில் காகிதம், மை, கூலி என்று செலவெல்லாம் முதலில் வந்துவிடும்; ஆயிரம் பிரதி அடித்தால் ஆயிரத்தோடு நின்றுவிடும். இணையத்தில் செலவு பின்னால் வருகிறது. வாசகர் கூடக்கூட அது ஏறிக்கொண்டே போகும். எங்கே நிற்கும் என்பதை வெளியிட்டவர் தீர்மானிப்பதில்லை.

ராயப்பேட்டையை வைத்துப் பார்ப்போம். அச்சகங்களும் பதிப்பகங்களும் பத்திரிகைகளும் வேரூன்றிய பகுதி இது. இன்று எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகம் நிற்கும் இடத்தில்தான் முன்பு இந்தியன் எக்ஸ்பிரஸ் வளாகம் இருந்தது; தினமணியும் அங்கிருந்தே வந்தது. கிழக்கு பதிப்பகம் பல ஆண்டுகள் லாயிட்ஸ் சாலையிலிருந்து இயங்கியது. அந்தச் சாலைக்கு இப்போது அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். இந்த வட்டாரத்தில், மணிக்கூண்டுக்கு அருகே ஒரு வீட்டு மாடியில் ஒருவர் நாற்பது ஆண்டு மாத இதழ் நடத்தி நிறுத்திவிட்டார் என்று கற்பனை செய்துகொள்ளலாம். அலமாரியில் 480 இதழ்கள், இதழுக்கு 80 பக்கம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, இலவசமாக இணையத்தில் வைக்க வேண்டும் என்பது அவருடைய பேத்தியின் ஆசை. ஆள் கற்பனை என்றாலும் இப்படிப்பட்ட அலமாரிகள் சென்னையில் நிறையவே இருக்கின்றன.

வண்ண ஸ்கேனில் பக்கத்துக்கு 1 எம்பி. ஓர் இதழ் 80 எம்பி. 480 இதழும் சேர்ந்தால் 38.4 ஜிபி. மாதம் ஆயிரம் வாசகர் வந்து ஆளுக்கு மூன்று இதழ் இறக்கினால் 3,000 பதிவிறக்கம், 240 ஜிபி. தளத்தின் பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கும் செலவு உண்டு. பக்கம் ஒன்றுக்கு, அட்டைப் படங்களோடு 2 எம்பி, மாதம் 5,000 பார்வை என்றால் 10 ஜிபி. ஆக மொத்தம் 250. கணக்கு அவ்வளவுதான்: கோப்பின் எடையைப் பதிவிறக்க எண்ணிக்கையால் பெருக்கி, பக்கப் பார்வைகளின் எடையைக் கூட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடலாம்.

இந்த விடையை நம்பி ஹோஸ்டிங், அதாவது தளத்துக்கு சர்வரில் இடம், வாங்கியவர்கள் ஏமாறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கூட்டம் சீராக வருவதில்லை என்பது ஒன்று. வருகிற கூட்டமெல்லாம் மனிதர்கள் இல்லை என்பது இன்னொன்று.

முதல் காரணத்தை விளக்க, இணையத்தில் தமிழ் தளிர்விட்ட காலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவையை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. யாகூவின் கைக்கு அது போன பிறகு, காசு கட்டாதவர்களின் தளங்களுக்கு மாதம் 3 ஜிபி என்று வரம்பு வந்தது. அன்றைக்கு 3 ஜிபி சின்ன அளவு இல்லை. ஆனால் நிறுவனம் அந்த வரம்பை மாதக் கணக்கில் பார்க்கவில்லை. மணிக்கணக்காகப் பிரித்து, மணிக்கு 4.2 எம்பி என்று நடைமுறைப்படுத்தியது. 2 எம்பி கோப்பு ஒன்றை வைத்திருந்தவரின் தளத்துக்கு ஒரே மணி நேரத்தில் இரண்டு பேர் வந்து இறக்கினால், மூன்றாமவருக்குக் கதவு சாத்தப்பட்டிருக்கும். மாதக் கடைசியில் பார்த்தால் 3 ஜிபியில் பெரும்பகுதி செலவாகாமலே கிடக்கும். 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. அது கற்றுக்கொடுத்த பாடத்தை இன்றும் ஒவ்வொருவரும் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணச் சமையல்காரர்களுக்கு இது பழகிய விஷயம். ‘எத்தனை இலை?’ என்பது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. ‘முதல் பந்திக்கு எத்தனை?’ என்பது அடுத்தது. ஆயிரம் பேருக்குச் சாப்பாடு என்றால் அரிசியும் பருப்பும் அந்தக் கணக்கில் வாங்கலாம். ஆனால் முகூர்த்தம் முடிந்ததும் நானூறு பேர் ஒன்றாக எழுந்து வந்தால் எத்தனை பேர் பரிமாற வேண்டும், எத்தனை மேசை போட வேண்டும் என்பதற்கு மொத்த எண்ணிக்கை விடை சொல்லாது. இணையத்திலும் மொத்தத்துக்கு ஒரு கணக்கு, பந்திக்கு ஒரு கணக்கு என்று இரண்டு இருக்கின்றன. முதலாவதை ஜிபியில் அளப்பார்கள், இரண்டாவதை எம்பிபிஎஸ்ஸில்.

இங்கே ஒரு சின்ன இடைநிறுத்தம் தேவை. கோப்பின் எடையைப் பைட்டில் சொல்கிறோம். இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ‘100 எம்பிபிஎஸ்’ என்று விளம்பரத்தில் பார்க்கும் இணைப்பு, வினாடிக்கு 12.5 எம்பி எடையைத்தான் நகர்த்தும். மாதக் கணக்கையும் வேகக் கணக்கையும் இணைக்க ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும்: 1 எம்பிபிஎஸ் குழாய் முப்பது நாளும் நிற்காமல் ஓடினால் 324 ஜிபி போகும்.

அப்படிப் பார்த்தால் ராயப்பேட்டை இதழ்த் தளத்தின் 250 ஜிபிக்குச் சராசரி வேகம் 1 எம்பிபிஎஸ்கூட வேண்டாம். நிம்மதியான எண்தான். ஆனால் ஒரு மாலையில் யாரோ ஒருவர், அந்த இதழின் பழைய தீபாவளி மலரில் தன் ஊர்க் கோயிலைப் பற்றி வந்த கட்டுரையைக் கண்டெடுத்து, இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார். மூன்று மணி நேரத்தில் ஐயாயிரம் பேர் அழுத்துகிறார்கள். 80 எம்பி வீதம் 400 ஜிபி. அதை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க, வினாடிக்கு 37 எம்பி போக வேண்டும்; அதாவது ஏறக்குறைய 300 எம்பிபிஎஸ். ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து முந்நூறு. சர்வருக்கு 100 எம்பிபிஎஸ் இணைப்புதான் இருக்கிறதென்றால், கொடுத்து முடிக்க ஒன்பது மணி நேரம் ஆகும். அதுவரை யார் காத்திருப்பார்கள்? பாதியில் நிறுத்துவார்கள், மறுபடி அழுத்துவார்கள். பாதியில் நின்ற பதிவிறக்கத்துக்கும் போன பைட் போனதுதான். மறுபடி அழுத்தினால் பல சமயம் முதலிலிருந்து தொடங்கும். நெரிசல் இப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய பந்தி ஒவ்வோர் ஆண்டும், பெரும்பாலும் மே மாதத்தில் நடக்கிறது. ராயப்பேட்டையிலிருந்து அதிக தூரமில்லை, தேர்வுத் துறை இயங்கும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை கல்வி வளாகம். பிளஸ் டூ எழுதிய ஏறத்தாழ 8 லட்சம் மாணவர்களின் முடிவு ஒரே காலையில் வெளியாகும். ஒரு மாணவரின் மதிப்பெண் பக்கம் 50 கேபி என்று வைத்தால் மொத்தம் 40 ஜிபிதான்; ஒரு பென் டிரைவில் அடங்கும் சமாசாரம். ஆனால் பாதிப் பேர் முதல் பத்து நிமிடத்திலேயே பார்த்துவிட முயல்வார்கள். 20 ஜிபியைப் பத்து நிமிடத்தில் தள்ள 267 எம்பிபிஎஸ் வேண்டும். அதே முடிவு 300 கேபி பிடிஎஃப் கோப்பாக இருந்தால் 1,600 எம்பிபிஎஸ் ஆகிவிடும். மாணவரோடு அப்பா, அம்மா, பெரியப்பா, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் அதே பதிவெண்ணைத் தட்டுவதை இன்னும் சேர்க்கவில்லை. முடிவைப் பல தளங்களில் பிரித்து வெளியிடுவதும், பதிவு செய்த செல்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவதும் இந்தப் பந்தியைப் பல கூடங்களில் போடும் உபாயங்கள். ஒரு குறுஞ்செய்திக்கு ஆகும் எடை, கேபி கணக்கில் சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது.

கூட்டத்தை நேரம் மாற்றி வரவழைக்கவும் முடியும். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் பரவிய ஆண்டுகளில், சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. எத்தனையோ வீடுகளில் அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. கணினியைத் தானாக இறக்கும்படி வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் உண்டு. பகலில் திணறிய குழாய்க்கு இரவில் வேலை கொடுக்க அது ஒரு வழி.

இனி இரண்டாவது காரணம். இன்று தளம் நடத்துகிறவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

கூகுள் போன்ற தேடுபொறிகள், தளங்களை மேய்ந்து பார்க்கத் தானியங்கி நிரல்களை அனுப்புகின்றன. பாட் என்று சொல்வார்கள். அவை வராவிட்டால் தேடலில் தளம் தெரியாது. ஆகவே அவை வேண்டிய விருந்தாளிகள். எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று தளத்தின் வாசலில் ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கும் மரபு 1994இலேயே தோன்றியது. பெரும்பாலான பாட்கள் அதை மதித்து நடந்தன. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் பாடம் சேகரிக்கும் புதிய பாட்கள் பெருகிய பிறகு நிலைமை மாறிவிட்டது.

மென்பொருள் கையேடுகளை இலவசமாக வெளியிடும் ரீட் தி டாக்ஸ் என்ற தளம் 2024இல் தன் அனுபவத்தை வெளிப்படையாக எழுதியது. அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரே ஒரு பாட், சுருக்கி வைத்திருந்த கோப்புகளை 73 டிபி, அதாவது 73,000 ஜிபி, அளவுக்கு இறக்கியிருந்தது. அதில் ஏறத்தாழ 10 டிபி ஒரே நாளில். இறக்கியதையே திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்தது. கட்டணம் 5,000 டாலரைத் தாண்டியது. இத்தகைய பாட்களைத் தடுத்ததும், தரவிறக்கக் கோப்புகளின் போக்குவரத்து நாளுக்கு 800 ஜிபியிலிருந்து 200 ஜிபிக்கு இறங்கியது. நாலில் மூன்று பங்கு கூட்டம் வாசகர்களே இல்லை! விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையும் 2025 ஏப்ரலில் இதே போன்ற கணக்கை வெளியிட்டது. 2024 ஜனவரியிலிருந்து படங்கள், ஒலி, காணொளி ஆகியவற்றை இறக்கும் போக்குவரத்து 50 விழுக்காடு கூடிவிட்டது என்றும், பார்வைகளில் 35 விழுக்காடுதான் பாட்களுடையது, ஆனால் அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 விழுக்காடு அவற்றால் வருவது என்றும் அது சொன்னது.

ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? மனிதர் தமக்குப் பிடித்ததைத்தான் எடுப்பார். ராயப்பேட்டை அலமாரியில் தீபாவளி மலர்களை நூறு பேர் எடுத்தால், சந்தா அறிவிப்பு நிறைந்த ஒரு ஜூன் மாத இதழை ஒருவர்கூடத் தொட்டிருக்கமாட்டார். பாட்களுக்கு அந்த ருசியெல்லாம் கிடையாது. அலமாரியில் இருப்பதை முதலிலிருந்து கடைசிவரை வழித்துக்கொண்டு போகும். ஆகவே மனிதர்களால் வரும் செலவு, எத்தனை பேருக்கு ஆர்வம் என்பதைப் பொறுத்தது. பாட்களால் வரும் செலவு, அலமாரி எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. 480 இதழையும் ஒரு பாட் ஒருமுறை எடுத்தால் 38.4 ஜிபி. மாதம் பத்து பாட் வந்தால் 384 ஜிபி. ஆயிரம் வாசகர்களின் 240 ஜிபியைவிட இது அதிகம். பழைய நூல்களைத் திரட்டி வைக்கும் தளங்களுக்கு, அதாவது கோப்பு ஏராளம், வாசகர் கொஞ்சம் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு, அடி பலமாக விழுவது இதனால்தான். தமிழில் இத்தகைய பணி பெரும்பாலும் தன்னார்வலர்களின் கைக்காசில் நடக்கிறது என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

உண்மையில் எவ்வளவு போகிறது என்று அறிய, ஊகத்தைவிட சர்வரின் பதிவேடு நம்பகமானது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதில் ஒரு வரி விழும்: எப்போது, எந்தக் கோப்பு, என்ன பதில், எத்தனை பைட். பதிலுக்கு ஓர் எண் உண்டு. 200 என்றால் கோப்பு முழுதாகக் கொடுக்கப்பட்டது. 304 என்றால் ‘உங்களிடம் இருப்பதே புதியதுதான்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பியாயிற்று. செலவு கிட்டத்தட்ட இல்லை. 206 என்றால் ஒரு துண்டு மட்டும். இந்த 206தான் புதியவர்களைக் குழப்பும். பிரௌசருக்குள்ளேயே பிடிஎஃப் திறக்கும்போது அது கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும். ஒரே வாசகர் பதிவேட்டில் இருபது வரியாகத் தெரிவார். வரிகளை எண்ணி ‘இருபது பதிவிறக்கம்’ என்று மகிழ்ந்தால் தவறு. இருபதை 80 எம்பியால் பெருக்கிப் பயந்தாலும் தவறு. வரிகளை விட்டுவிட்டு, வெளியே போன பைட்டைக் கூட்ட வேண்டும். ஒரு மாதம் கூட்டிப் பார்த்துவிட்டால் அடுத்த மாதத்துக்கான ஊகம் தானாகச் செம்மைப்படும்.

செலவு எவ்வளவு? அமேசானின் மேகக் கணினிச் சேவையில், மும்பை மையத்திலிருந்து இணையத்துக்கு வெளியேறும் ஒவ்வொரு ஜிபிக்கும் ஏறத்தாழ 11 அமெரிக்க சென்ட் என்பது அறிவிக்கப்பட்ட விலை; நம் பணத்தில் ஒன்பது, பத்து ரூபாய். மாதத்தில் முதல் 100 ஜிபிக்குக் கட்டணமில்லை. ராயப்பேட்டைக் கணக்கில் வாசகர்களுக்கு மட்டும் மாதம் 1,400 ரூபாய் அளவில் வரும். பாட்களையும் சேர்த்தால் 5,000. அந்தத் தீபாவளி மலர் மாலை ஒன்றுக்கே தனியாக 3,800. வெளியேறும் தரவுக்குக் கட்டணமே வாங்காமல், சேமிப்புக்கும் கோரிக்கைகளுக்கும் மட்டும் வாங்கும் சேவைகளும் இப்போது வந்துவிட்டன. கிளவுட்ஃப்ளேரின் ஆர்2 அப்படிப்பட்டது. ‘வரம்பற்ற பேண்ட்வித்’ என்று குறைந்த விலையில் விற்கும் பகிர்வு ஹோஸ்டிங் திட்டங்களை எடுப்பவர்கள் விதிமுறைகளைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். ஜிபிக்கு வரம்பு போடாவிட்டாலும் கணினியின் உழைப்புக்கும், ஒரே நேரத்தில் வரும் கோரிக்கைகளுக்கும், கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கும். இலவச டிரைவ் இணைப்புகளிலும் இதே கதை. குறுகிய நேரத்தில் பலர் இறக்கிய கோப்பை கூகுள் டிரைவ் சிறிது காலம் பூட்டி வைத்துவிடும்.

விலையைப் பேசுவதைவிட எடையைக் குறைப்பதைப் பேசுவது பயன்தரும். அதற்குத் தமிழில் நல்ல முன்னோடி இருக்கிறது.

1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். ‘மயிலை’ என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கியவரும் அவர்தான். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். முதல் நூல் திருக்குறள். அன்றைய எழுத்துருக்களில் ஓர் எழுத்து வடிவுக்கு ஒரு பைட்தான். முழுக் குறளும் 70 கேபி அளவில் முடிந்திருக்கும். 28.8 கேபிபிஎஸ் டயல்-அப் மோடத்தில் அது இருபது வினாடி வேலை. அதையே 300 எம்பி ஸ்கேனாக வைத்திருந்தால், தொலைபேசி இணைப்பு அறுந்துபோகாமல் இருந்தால்கூட, இறக்கி முடிக்க ஒரு நாள் ஆகியிருக்கும். தட்டச்சு செய்ய எடுத்துக்கொண்ட உழைப்பு, இறக்கிக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாளை மிச்சப்படுத்திக் கொடுத்தது.

பிறகு யூனிகோடுக்கு மாறியபோது தமிழ் எழுத்துக்கு 3 பைட், 6 பைட் என்று எடை கூடியது உண்மை. ஆனால் அந்த 3 பைட்டில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துகளுக்கும் ஒன்றேதான். இரண்டாவதில் இரண்டே வகை. திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் குறித்துக்கொள்வதுதான் சுருக்கும் நிரல்களின் வேலை என்பதால், தமிழ் எழுத்துக் கோப்புகள் மிக நன்றாகச் சுருங்கும். சர்வரில் அந்த வசதியை முடுக்கிவிட்டால் போதும். வாசகருக்குத் தெரியாமலே எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஸ்கேன் செய்த படங்களும் ஒலிக் கோப்புகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை ஜிப்பில் போட்டுப் பயனில்லை.

ராயப்பேட்டை இதழ்களுக்கு என்ன செய்யலாம்? எழுத்து மட்டும் உள்ள பக்கங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பக்கம் 100 கேபிக்கு வந்துவிடும். இதழ் 80 எம்பியிலிருந்து 8 எம்பி. அட்டையையும் ஓவியப் பக்கங்களையும் மட்டும் வண்ணத்தில் விட்டுவைத்தால் ஓரிரு எம்பி கூடும், அது பரவாயில்லை. ஓவியத்தைக் கறுப்பாக்கி எடை குறைப்பது சிக்கனமாகாது, அது இழப்பு. இப்படி மாற்றினால் வாசகர் கணக்கு 240 ஜிபியிலிருந்து 24க்கும், பத்து பாட்களின் கணக்கு 384லிருந்து 38க்கும் இறங்கும். பக்கப் பார்வைகளின் 10 ஜிபியையும் சேர்த்து மொத்தம் 72 ஜிபி. கட்டணமில்லாத 100 ஜிபிக்குள் அடங்கிவிட்டது. அந்த வாட்ஸ்அப் மாலையும் 300 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 30க்கு வந்துவிடும். சாதாரண சர்வரே தாங்கும்.

எடை குறைந்தால் வாசகருக்கும் லாபம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, பெரிய கோப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் நாளுக்கு 1.5 ஜிபி திட்டத்தில் ஒரு செல்பேசியை வீட்டில் மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்தில், 300 எம்பி நூல் அன்றைய பங்கில் ஐந்தில் ஒன்றைத் தின்றுவிடும். 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் இதற்கு நல்ல வழி காட்டியது. த. சீனிவாசன் உள்ளிட்ட தன்னார்வலர்கள் நடத்தும் இந்தத் தளத்தில், எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்கும் நூல்கள், இபப், மோபி, ஏ4 பிடிஎஃப், சிறு திரைக்கான 6 அங்குல பிடிஎஃப் என்று பல வடிவங்களில் கிடைக்கின்றன. அவரவர் கருவிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பதிவிறக்க இணைப்புக்குப் பக்கத்திலேயே ‘8 எம்பி’ என்று எடையை எழுதிவைக்கும் பழக்கமும் எல்லாத் தளங்களிலும் வர வேண்டும். கடையில் பொட்டலத்தின்மேல் எடை இருக்கிறதல்லவா?

சுமையைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவில் பிரதியை ஏற்றிவிட்டு, சொந்தத் தளத்தில் அட்டைப் படமும் அறிமுகமும் இணைப்பும் மட்டும் வைத்துக்கொள்வோர் உண்டு. பதிவிறக்கத்தின் பாரம் அங்கே போய்விடும். ஆர்க்கைவ், டொரென்ட் வழியாகவும் கோப்பைத் தருகிறது. அதில் இறக்குகிறவர்களே அடுத்தவருக்குத் துண்டு துண்டாகக் கொடுத்துக்கொள்வார்கள். கூட்டம் கூடக்கூட வேகமும் கூடும். பல இடங்களில் பிரதி இருப்பதற்குத் தமிழர்களிடம் இன்னொரு காரணமும் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றில் சில, உலகில் வேறெங்கும் பிரதி இல்லாதவை. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் திரட்டி எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. பேண்ட்வித்துக்காகப் பிரதி எடுக்கிறவர், அறியாமலே காப்புக்காகவும் எடுக்கிறார்.

ராயப்பேட்டைப் பேத்தி கோட்டூர்புரத்தை நினைக்கிறாள் என்று கதையை முடிக்கலாம். அங்கே, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம், தமிழ் மின்னூலகத்தை நடத்துகிறது. வாசகர்களுக்கு 8 எம்பி போதும். ஆனால் காப்பகத்துக்குக் கொடுப்பது மூலமாக இருக்க வேண்டும், சுருக்காத வண்ண ஸ்கேன். ஏ4 அளவுப் பக்கம் 26 எம்பி. 38,400 பக்கத்துக்கு 1 டிபி. வீட்டு இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் 40 எம்பிபிஎஸ் இருந்தாலும் இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும் ஏழு மணி நேரம் ஆகும், நடுவில் மின்சாரம் போகாமல் இருந்தால். அதே 1 டிபியை உள்ளங்கையளவு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, தோள்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினால், கோபாலபுரம், ஆழ்வார்ப்பேட்டை தாண்டி, அடையாற்றுப் பாலத்தைக் கடந்து அரை மணி நேரத்தில் கோட்டூர்புரம். அதாவது 4,400 எம்பிபிஎஸ் வேகம்.